லிப்ஈவென்ட் சிஸ்டத்தில் இருக்கிறது, ஆனால் டிமக்ஸ் கம்பைல் செய்யும்போது இல்லை என்கிறது

கேள்வி

வணக்கம். என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருக்கிறது. இணைப்பு அறுந்தாலும் டெர்மினலில் ஓடும் வேலையை நிறுத்தாமல் வைத்திருக்கும் புரோகிராம்தான் டிமக்ஸ். உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் மூலம் கிடைப்பது டிமக்ஸ் 3.2ஏ. எனக்கு 3.4 வேண்டும். சிக்ஸெல் (டெர்மினலுக்குள்ளேயே படம் வரையும் முறை) படங்களைக் காட்டும் வசதி அதில்தான் வந்தது. மணிக்கணக்கில் ஓடும் கணக்கீடுகளை சர்வரில் விட்டுவிட்டு, நடுநடுவே வரைபடத்தை டெர்மினலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

சோர்ஸை இறக்கி, பிரித்து, கான்ஃபிகரை (கம்பைலுக்குத் தேவையானவை இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பார்க்கும் ஸ்கிரிப்ட்) எனேபிள்-சிக்ஸெல் என்ற ஆப்ஷனோடு ஓட்டினேன். ஏதேதோ சோதித்துக்கொண்டே போய்க் கடைசியில் இப்படி நின்றுவிட்டது:

கான்ஃபிகர்: எரர்: "லிப்ஈவென்ட் நாட் ஃபவுண்ட்"

ஆனால் டிமக்ஸுக்குத் தேவையான அந்த லிப்ஈவென்ட் லைப்ரரி இருக்கிறது! சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ஈவென்ட்-கோர்-2.1-7 என்று கொடுத்தால், ஏற்கெனவே புதிய பதிப்பு இருக்கிறது என்கிறது. எல்டிகான்ஃபிக் -பி கொடுத்துத் தேடினேன். அதிலும் லிப்ஈவென்ட்_கோர்-2.1.எஸ்ஓ.7 என்ற வரி வருகிறது. ஃபைல் போய்ச் சேரும் இடத்தையும் பார்த்துவிட்டேன், உண்மையாகவே அங்கே இருக்கிறது.

பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக் இரண்டையும் முன்பே போட்டிருக்கிறேன். தேடிப் பார்த்ததில் ஒருவர், கடைசியில் எண் இல்லாமல் லிப்ஈவென்ட்_கோர்.எஸ்ஓ என்ற பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டிக்காட்டும் பெயர்) போட்டால் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். போடலாமா? இரண்டு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். இருக்கும் ஒன்றை இல்லை என்று ஏன் சொல்கிறது என்பதுதான் புரியவே இல்லை.

முதல் பதில்

டெவ் பேக்கேஜ் போட வேண்டும். சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ஈவென்ட்-டெவ் லிப்என்கர்சஸ்-டெவ் பைசன். மூன்றையும் இப்போதே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் லிப்ஈவென்ட் முடிந்ததும் கர்சஸ் இல்லை என்று நிற்கும், அது முடிந்தால் யாக் (பைசன் செய்யும் வேலை இதுதான்) இல்லை என்று நிற்கும்.

இரண்டாவது பதில்

மேலே சொன்ன கட்டளை சரி. அதைக் கொடுத்தாலே கம்பைல் ஆகிவிடும். ஆனால் நீங்கள் கேட்டது, இருப்பதை ஏன் இல்லை என்கிறது என்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் விட்டால் அடுத்த மாதம் வேறொரு லைப்ரரியோடு இதே இடத்தில் நிற்பீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எந்த லைப்ரரி இல்லை என்று பார்ப்பதற்கு முன், இல்லை என்று சொல்வது யார் என்று பாருங்கள். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை பில்ட் செய்து கொடுப்பதுதான் என் வேலை. தினமும் இந்த ஒரு கேள்வியில்தான் ஆரம்பிக்கிறேன்.

கம்பைலருக்கு எஸ்ஓ ஃபைல் (கம்பைல் ஆகி முடிந்த லைப்ரரி) தேவையே இல்லை. அது கேட்பது ஹெடர் ஃபைல், அதாவது லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன் இருக்கிறது என்று சொல்லும் ஃபைல். இங்கே ஈவென்ட்2 ஃபோல்டருக்குள் இருக்கும் ஈவென்ட்.ஹெச். அது கிடைக்காவிட்டால் ஃபேட்டல் எரர் என்று ஆரம்பித்து, ஹெடரின் பெயரைச் சொல்லி, நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி என்று முடிக்கும். அதற்குப் பிறகு வருவது லிங்கர், அதாவது எல்டி. அதற்கு எஸ்ஓ வேண்டும், ஆனால் எண் ஒட்டாத பெயரில் வேண்டும். -எல் இசட் என்று கொடுத்தால் அது தேடுவது லிப்இசட்.எஸ்ஓ அல்லது லிப்இசட்.ஏ. பக்கத்திலேயே லிப்இசட்.எஸ்ஓ.1 இருந்தாலும் திரும்பிப் பார்க்காது, கேனாட் ஃபைண்ட் -எல் இசட் என்று சொல்லிவிடும். புரோகிராம் உருவாகி, நீங்கள் அதை ஓட்டும்போது வருபவர்தான் லோடர். அவருக்கு எண் ஒட்டிய பெயர் வேண்டும். நீங்கள் எல்டிகான்ஃபிக் -பி கொடுத்துப் பார்த்தது இந்த லோடரின் பதிவேட்டை மட்டும்தான். ஓடுவதற்குத் தேவையானது இருக்கிறது என்று அது சொன்னது உண்மை. பில்ட் செய்யத் தேவையானது இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால் கான்ஃபிகர் போய்க் கேட்பது பிகேஜி-கான்ஃபிக்கிடம். அது பார்ப்பது லிப்ஈவென்ட்_கோர்.பிசி என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலை. உங்களுக்கு வந்த எரர் இந்தக் கட்டத்தில் வந்திருக்கிறது. அதே ஃபோல்டரில் கான்ஃபிக்.லாக் என்று ஒன்று இருக்கும், திறந்து பாருங்கள். கடைசியிலிருந்து படித்தால் வெறும் வேரியபிள் பட்டியல்தான் வரும். லிப்ஈவென்ட் என்று தேடி மேலே போங்கள். லிப்ஈவென்ட்_கோர் என்ற பேக்கேஜ் பிகேஜி-கான்ஃபிக் தேடும் பாதையில் இல்லை, அந்த பிசி ஃபைல் இருக்கும் ஃபோல்டரை பிகேஜி_கான்ஃபிக்_பாத்தில் சேர்த்துப் பாருங்கள் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கும். திரையில் ஒரே வரியாகச் சுருங்கிய விஷயம் லாகில் முழுதாக இருக்கும். நான் திரையை நம்பாமல் லாகைத்தான் முதலில் திறப்பேன்.

ஹெடர், எண் இல்லாத எஸ்ஓ, பிசி ஃபைல் இந்த மூன்றும் டெவ் பேக்கேஜில் வருகின்றன. போட்ட பிறகு டிபிகேஜி -எல் லிப்ஈவென்ட்-டெவ் என்று கொடுத்துப் பாருங்கள் (எல் பெரிய எழுத்தில்). மூன்றும் வரிசையாகத் தெரியும். புரோகிராமை ஓட்ட மட்டும் செய்பவருக்கு ஹெடர் எதற்கு என்றுதான் டெபியன் குடும்பத்தில் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

எந்த பேக்கேஜ் என்று பெயர் தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். ஆப்ட்-ஃபைல் என்ற கருவியைப் போட்டு, ஒரு தடவை ஆப்ட்-ஃபைல் அப்டேட் கொடுத்துவிட்டு, ஆப்ட்-ஃபைல் சர்ச் ஈவென்ட்2/ஈவென்ட்.ஹெச் என்று கேளுங்கள். இன்ஸ்டால் செய்யாத பேக்கேஜுக்குள் இருக்கும் ஃபைலைக்கூட அது காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் அந்த சிம்லிங்க். தயவுசெய்து போடாதீர்கள். அது லிங்கரை மட்டும் திருப்திப்படுத்தும், ஹெடர் அப்போதும் வராது. பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாத ஒரு ஃபைல் யூஎஸ்ஆர் லிப் ஃபோல்டருக்குள் கிடக்கும், ஆறு மாதம் கழித்து அது ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களுக்கே நினைவிருக்காது. எண்ணை மாற்றிப் போடுவது இன்னும் மோசம். உபுண்டு 22.04 ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியபோது, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 கேட்ட ஒரு பழைய புரோகிராமுக்கு நான் எஸ்ஓ.3-ஐ அந்தப் பெயரில் லிங்க் போட்டுக் கொடுத்தேன். ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 என்ற வெர்ஷன் இல்லை என்று லோடர் உடனே நிறுத்திவிட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் தன் ஃபங்ஷன்களில் வெர்ஷன் முத்திரை வைத்திருந்ததால் பிழைத்தேன். முத்திரை இல்லாத லைப்ரரியாக இருந்திருந்தால் புரோகிராம் ஓட ஆரம்பித்து, நடுவில் எங்கேயோ தப்பான விடை கொடுத்திருக்கும். உங்களுடையது கணக்கீட்டு வேலை என்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேட்டவர்

மிக்க நன்றி! மூன்று பேக்கேஜும் போட்டதும் கான்ஃபிகர் முடிந்தது, மேக் முடிந்தது, டிமக்ஸ் -வி கொடுத்தால் 3.4 என்கிறது. கான்ஃபிக்.லாகில் நீங்கள் சொன்ன வரி அப்படியே இருந்தது. இரண்டு நாளாக அது பக்கத்து ஃபைலிலேயே இருந்திருக்கிறது.

இப்போது அடுத்த சிக்கல். லேப்டாப்பில் உருவான டிமக்ஸ் ஃபைலை சர்வருக்கு எடுத்துப் போனேன். அங்கே எனக்கு ரூட் (நிர்வாகி அனுமதி) கிடையாது, டிமக்ஸும் இல்லை. ஓட்டினால், எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ் என்று ஆரம்பித்து லிப்ஈவென்ட்_கோர்-2.1.எஸ்ஓ.7-ஐத் திறக்க முடியவில்லை என்றது. சொல்வது யார் என்று பார்த்தேன்: லோடர். சரி என்று அந்த எஸ்ஓவையும் லேப்டாப்பிலிருந்து எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்து, லோடர் கூடுதலாகத் தேட வேண்டிய இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தில் அந்த ஃபோல்டரைக் கொடுத்தேன். இப்போது லிப்சி.எஸ்ஓ.6-இல் ஜிலிப்சி_2.34 என்ற வெர்ஷன் இல்லை என்கிறது. சர்வரில் உபுண்டு 20.04. லிப்சியையும் எடுத்துப் போய் வைத்துவிடலாமா?

இரண்டாவது பதில் எழுதியவர்

வேண்டாம், லிப்சியை மட்டும் தொடாதீர்கள். சி புரோகிராம்கள் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி அது, உபுண்டுவில் இருப்பது ஜிலிப்சி என்ற வகை. லிப்சியும் லோடரும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை, ஒரே வெர்ஷனாக இருந்தால்தான் ஓடும். எல்டி_லைப்ரரி_பாத்தை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு அந்த ஃபோல்டரில் வேறு லிப்சியை வைத்தால், அந்த ஷெல்லில் எல்எஸ் கொடுத்தால்கூடச் செத்துவிழும். ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால் பயப்படாதீர்கள். அன்செட் என்பது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, அது வேலை செய்யும். அன்செட் எல்டி_லைப்ரரி_பாத் என்று கொடுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும்.

காரணம் இதுதான். உபுண்டு 22.04-இல் ஜிலிப்சி 2.35, 20.04-இல் 2.31. இரண்டு இடத்திலும் எல்டிடி --வெர்ஷன் கொடுத்தால் முதல் வரியிலேயே தெரியும். 2.34 வெளியானது 2021 ஆகஸ்டில். மெயின் ஃபங்ஷனைத் தொடங்கிவைக்கும் குறியீட்டுக்கே அதில் புது வெர்ஷன் முத்திரை கொடுத்துவிட்டார்கள். அதனால் 2.34 அல்லது அதற்குப் பிந்தைய ஜிலிப்சி உள்ள கணினியில் லிங்க் செய்த சாதாரண சி புரோகிராம், வெறும் வணக்கம் சொல்வதாக இருந்தாலும், பழைய ஜிலிப்சியில் ஓடாது. பழையதில் பில்ட் செய்தது புதியதில் ஓடும், அந்தத் திசை மட்டும்தான் உத்தரவாதம்.

ஆகவே சர்வரிலேயே பில்ட் செய்யுங்கள். ஜிசிசி, மேக், பிகேஜி-கான்ஃபிக், பைசன் நான்கும் அங்கே இருக்கிறதா என்று விச் கொடுத்துப் பாருங்கள். இருந்தால் ரூட் தேவையில்லை. ஹோம் ஃபோல்டருக்குள் லோக்கல் என்று ஒரு ஃபோல்டரை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே பிரிஃபிக்ஸாக (இன்ஸ்டால் ஆக வேண்டிய இடமாக) கொடுங்கள்.

முதலில் லிப்ஈவென்ட் 2.1.12 சோர்ஸ். அது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டெவ் பேக்கேஜைக் கேட்டு அடம்பிடிக்கும். டிமக்ஸுக்கு கோர் பகுதி மட்டும் போதும் என்பதால் டிஸேபிள்-ஓப்பன்எஸ்எஸ்எல் என்று கொடுத்துவிடலாம். அடுத்து என்கர்சஸ். இதற்கு வித்-ஷேர்டு, வித்-டெர்ம்லிப், எனேபிள்-பிசி-ஃபைல்ஸ் மூன்றையும் கொடுங்கள், கூடவே வித்-பிகேஜி-கான்ஃபிக்-லிப்டிர் என்பதற்கு உங்கள் லோக்கல் ஃபோல்டரின் லிப்/பிகேஜிகான்ஃபிக்கைக் கொடுங்கள். இந்தக் கடைசி இரண்டையும் மறந்தால் என்கர்சஸ் நன்றாக இன்ஸ்டால் ஆகும், ஆனால் பிசி ஃபைல் உருவாகாது. டிமக்ஸின் கான்ஃபிகர் மறுபடியும் கர்சஸ் இல்லை என்று சொல்லும், நீங்கள் மறுபடியும் இருக்கிறதே என்பீர்கள்.

பிறகு டிமக்ஸ். கான்ஃபிகரை ஓட்டும்போது அதே வரியில் முன்னால் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். பிகேஜி_கான்ஃபிக்_பாத் உங்கள் லிப்/பிகேஜிகான்ஃபிக்கைக் காட்ட வேண்டும். லிங்கருக்குப் போகும் ஆப்ஷன்களைச் சொல்லும் எல்டிஃபிளாக்ஸில் -டபிள்யூஎல்,-ஆர்பாத், என்று போட்டு அதன் பிறகு லோக்கல் ஃபோல்டருக்குள் இருக்கும் லிப்பின் முழுப் பாதை வர வேண்டும். டபிள்யூ பெரிய எழுத்து, எல் சின்ன எழுத்து, நடுவில் காற்புள்ளி, எங்கும் இடைவெளி கிடையாது.

இந்த ஆர்பாத் எதற்கு என்றால், லைப்ரரி எங்கே இருக்கிறது என்ற முகவரியை அது புரோகிராமுக்குள்ளேயே எழுதிவைத்துவிடும். எல்டி_லைப்ரரி_பாத்தை பேஷ்ஆர்சியில் போட்டும் ஓட்டலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒரு புரோகிராமுக்காகப் போட்ட அந்த வேரியபிள் நீங்கள் ஓட்டும் எல்லா புரோகிராமையும் பாதிக்கும், என்றைக்கோ ஒரு நாள் சம்பந்தமே இல்லாத வேறொன்று உங்கள் லோக்கல் ஃபோல்டரிலிருந்து என்கர்சஸை எடுத்துக்கொண்டு தடுமாறும்.

முடிந்ததும் ரீட்எல்ஃப் -டி டிமக்ஸ் கொடுங்கள். நீடட் என்ற வரிகளில் அது கேட்கும் லைப்ரரிகளின் பெயர்களும், ரன்பாத் என்ற வரியில் நீங்கள் கொடுத்த பாதையும் தெரிய வேண்டும். ரன்பாத் வரி இல்லையென்றால் எல்டிஃபிளாக்ஸ் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

இன்னொருவர்

ஃபெடோரா பயன்படுத்துபவர்கள் யாராவது படித்தால்: அங்கே டெவ் என்பதற்குப் பதில் டெவல் என்று முடியும், தேடுவதற்கு டிஎன்எஃப் புரொவைட்ஸ் கொடுத்து ஃபைல் பெயருக்கு முன் ஒரு நட்சத்திரக் குறியும் சாய்கோடும் போட வேண்டும். ஆர்ச்சில் பொதுவாக டெவ் என்று தனியாகப் பிரிப்பதில்லை, எல்லாம் ஒரே பேக்கேஜில் வரும். இன்னொன்று, சோர்ஸிலிருந்து யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் போட்ட லைப்ரரியை டெபியனும் உபுண்டுவும் லோடருக்கு முன்பே சொல்லிவைத்திருக்கும், ஒரு தடவை சூடோ எல்டிகான்ஃபிக் கொடுத்தால் போதும். ஃபெடோராவில் அந்தப் பாதையை எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி ஃபோல்டரில் நீங்களே ஒரு ஃபைலாக எழுதிவிட்டுத்தான் எல்டிகான்ஃபிக் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு முழு மாலை போயிருக்கிறது எனக்கு.

கான்ஃபிகர் நின்றுபோவது நல்லது என்றுகூடச் சொல்வேன். நிற்காமல் போவதுதான் ஆபத்து. பைத்தானைச் சோர்ஸிலிருந்து பில்ட் செய்தேன், எல்லாம் முடிந்து இன்ஸ்டாலும் ஆனது. மறுநாள் ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் _சிடைப்ஸ் என்ற மாட்யூல் இல்லை என்றது. லிப்எஃப்எஃப்ஐ-டெவ் இல்லாததால் அந்த மாட்யூலை விட்டுவிட்டு மீதியைக் கட்டியிருக்கிறது. மேக் ஓடி முடியும் இடத்தில் அதைச் சொல்லவும் சொல்லியிருக்கிறது, நூற்றுக்கணக்கான வரிகளுக்குக் கீழே இருந்ததை நான் படிக்கவில்லை. டெவ் பேக்கேஜைப் போட்டு மறுபடி பில்ட் செய்ய வேண்டியதாகிவிட்டது.

அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்று வந்தால் மட்டும் உடனே பேக்கேஜைத் தேடிப் போகாதீர்கள். லைப்ரரி கிடைத்த பிறகும் அது வரும். ஸ்கொயர்ரூட் ஃபங்ஷனுக்கு வந்தால் -எல்எம் கொடுத்திருக்கிறோமா, கொடுத்திருந்தால் சோர்ஸ் ஃபைலின் பெயருக்குப் பின்னால் கொடுத்திருக்கிறோமா என்று பாருங்கள். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். லைப்ரரியைத் தாண்டும்போது அதுவரை யாரும் எதுவும் கேட்காவிட்டால் அதை எடுத்துக்கொள்ளாமலே போய்விடும். உதவி கேட்கும்போது கலெக்ட்2, எல்டி ரிட்டர்ன்ட் 1 என்ற கடைசி வரியை மட்டும் ஒட்டுகிறார்கள். அந்த வரியில் ஒன்றும் இல்லை, அதற்கு மேலே இருக்கும் வரிகள்தான் வேண்டும்.

கேட்டவர்

சர்வரில் ஓடிவிட்டது! நான்கு கருவிகளும் அங்கே இருந்தன. ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். லேப்டாப்பில் பில்ட் செய்த ஃபோல்டரை ஆர்சிங்க் -ஏ கொடுத்து அப்படியே சர்வருக்கு எடுத்துப் போயிருந்தேன். அங்கே மேக் கொடுத்தால் செய்ய ஒன்றும் இல்லை என்று உடனே முடிந்துவிட்டது, டிமக்ஸ் அதே ஜிலிப்சி_2.34 எரரைக் கொடுத்தது. ஃபைல்களின் நேரம்கூட மாறாமல் போனதால் லேப்டாப்பில் உருவானதையே புதியது என்று மேக் நினைத்துக்கொண்டிருக்கிறது. ஃபோல்டரை அழித்துவிட்டு, சோர்ஸைப் புதிதாகப் பிரித்து, நீங்கள் சொன்ன வரிசையில் மூன்றையும் செய்தேன்.

ரீட்எல்ஃபில் ரன்பாத் வரி இருக்கிறது. எல்டிடி கொடுத்தால் லிப்ஈவென்ட்_கோரும் லிப்டின்ஃபோவும் என் லோக்கல் ஃபோல்டரிலிருந்து வருகின்றன, லிப்சி மட்டும் சர்வருடையது. எல்டி_லைப்ரரி_பாத்தை எடுத்துவிட்டேன். இப்போது ஒரு கணக்கீட்டை டிமக்ஸுக்குள் ஓடவிட்டு இணைப்பைத் துண்டித்துப் பார்த்தேன். திரும்பி வந்து அட்டாச் செய்தபோது விட்ட இடத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. சிக்ஸெல்லை இன்னும் சோதிக்கவில்லை, என் டெர்மினல் அதைக் காட்டுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.